ஜூலியின் ரத்தத்தில் குறை இல்லை, மாமா

மாமா,

கண் ஆபரேஷனுக்குப் பிறகு நீங்கள் இன்னும் கைப்பேசி பார்க்கக் கூடாது என்று அத்தை சொன்னார். அதனால் இதைப் பாப்பாதான் உங்களுக்குப் படித்துக் காட்டுவாள். பாப்பா, தாத்தா போதும் என்றாலும் நிறுத்தாமல் படிம்மா.

என் வேட்டை நாய்க்குட்டியைப் பழக்க வெளியே அனுப்பவில்லை. நானே பழக்கப்போகிறேன். நாய் பழக்கும் கோலாலம்பூர் ஆளுக்கு நேற்று போன் செய்து சொல்லிவிட்டேன். மூன்று மாதத்துக்கு ஆறாயிரம் வெள்ளி கேட்டார். காசு ஒரு காரணம்தான், ஆனால் பெரிய காரணம் அதுவல்ல.

தங்கச்சி வீட்டுப் புதுமனை விழாவில், பசியாறிக்கொண்டிருந்த அத்தனை பேர் முன்னால், உங்கள் பழைய வேட்டை நாய் ஜூலியைச் சொல்லி நீங்கள் பேசினீர்கள்: "உனக்குக் கை வராதுடா. எனக்கே வரலை. ஜூலிக்கு ரத்தத்திலேயே பயம். அந்தச் சாதி நாயை வீட்டுல வச்சிப் பழக்கவே கூடாது." எல்லாரும் தலையாட்டினார்கள். நானும்தான். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. எல்லார் முன்னாலும் சொல்லப்பட்ட பேச்சு என்பதால்தான் நானும் எல்லார் முன்னாலும் எழுதுகிறேன்.

1987 தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம். எனக்குப் பதினொரு வயது. நீங்கள் பட்டர்வொர்த்துக்குச் சாமான் வாங்கப் போயிருந்தீர்கள். லயத்துப் பின்பக்கம் ரம்புத்தான் மரத்தில் ஜூலியைக் கட்டியிருந்தது. அவள் நெத்திலி போட்ட சோற்றைத் தின்றுகொண்டிருந்தாள். அந்த வாரம் முழுவதும் நீங்கள் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்: உள்ளான் பறவை வந்துவிட்டது, தோட்டத்துத் துரை சுடுவதற்கு வயலுக்குக் கூப்பிடுவார், அதற்குள் இவள் சத்தத்துக்குப் பழக வேண்டும் என்று. நீங்கள் வரும்போது பழக்கி வைத்திருக்கலாம், மெச்சுவீர்கள் என்று நினைத்தேன். ஒரு சரம் சீன வெடியைப் பழைய மைலோ டின்னுக்குள் போட்டு, அவள் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக் கொளுத்தினேன்.

டின்னுக்குள் வெடித்தால் சத்தம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவள் குரைக்கவில்லை. கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு ஓட முடியாமல் பின்னுக்கே இழுத்தாள். காது இரண்டும் தலையோடு ஒட்டிக்கொண்டது. நின்ற இடத்திலேயே சிறுநீர் போய், அவள் பின்னங்காலெல்லாம் நனைந்தது. சோறு மண்ணில் கொட்டிக் கிடந்தது. நான் டின்னைக் கால்வாயில் எறிந்துவிட்டு, சோற்றை அள்ளித் தட்டில் போட்டு வைத்தேன். அவள் தொடவில்லை. நீங்கள் வந்து, "ஏன் திங்கலை?" என்று கேட்டீர்கள். "தெரியலை மாமா" என்றேன்.

அதன் பிறகு பாரிட் புந்தார் வயலில் துப்பாக்கிச் சத்தத்துக்கு அவள் மிரண்டு நடந்தது உங்களுக்கே தெரியும்.

முப்பத்தெட்டு வருஷமாக இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. முதலில் அடிக்குப் பயந்தேன். பிறகு, தோட்டத்தை விட்டு நீங்கள் வெளியேறியதற்கே நான்தான் காரணமோ என்று பயந்தேன். துரை அன்று உங்களிடம் என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத மாட்டேன். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் படிப்பார்கள். எழுதாததும் உங்களுக்குத் தெரியும்.

மன்னித்துவிடுங்கள் மாமா. சின்னப்பையன் என்பது ஒரு சமாதானம்தான், மறுக்கவில்லை. "சத்தத்துக்குப் பழகணும், பழகணும்" என்று சொன்ன நீங்கள், எப்படிப் பழக்குவது என்று பக்கத்தில் நின்ற எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உங்களுக்கே அது தெரிந்திருந்ததா என்றும் இப்போது சந்தேகம் வருகிறது. குட்டி பறவையின் பின்னால் தன்னை மறந்து ஓடும்போது, நூறு அடிக்கும் அப்பால் ஒருவர் நின்று சின்னச் சத்தமாகத் தொடங்க வேண்டும். அது திரும்பியே பார்க்காத அளவு சின்னதாக. நாள் போகப் போகத்தான் ஓரோர் அடியாகக் கிட்டே வரலாம். சத்தம் வந்தால் பறவை உண்டு என்று அதற்குப் புரிய வேண்டும். தின்னும்போது, கட்டிப்போட்டு, காதோரம் வெடித்தால் எந்த ரத்தத்து நாயும் உடைந்துபோகும். ஜூலிக்கு ஒரு குறையும் கிடையாது.

அவளை அந்த வரப்பில் வைத்து வாரால் அடித்தீர்களே, அதை மட்டும் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. பயந்த நாயை. எத்தனை அடி என்று எண்ணிக்கொண்டு நின்றேன். குற்றவாளி நான், அடி அவளுக்கு. நான் வாயைத் திறக்காததும் சேர்ந்துதான் அவளை அடித்தது. ஆனால் கை உங்களுடையது மாமா.

சரி. குட்டியைப் பற்றிச் சொல்கிறேன்.

பதினொரு வாரம் ஆகிறது. காப்பி நிறப் புள்ளி, வயிறு மட்டும் வெள்ளை. பேர் சொன்னால் வருகிறாள். தூண்டில் கழியில் புறா இறகைக் கட்டி வாசலில் ஆட்டினேன். இரண்டு முறை துரத்தினாள். மூன்றாம் முறை நின்றுவிட்டாள். முன்னங்கால் ஒன்று மடங்கி, வால் விறைத்து, மூச்சுகூட வெளியே தெரியவில்லை. நீங்கள் "நிலை கட்டுது" என்பீர்களே, அதுதான். நான்கு நொடி இருக்கும். யாரும் சொல்லித்தராமல் வந்தது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

இறகு விளையாட்டை அதோடு நிறுத்திவிட்டேன். அதிகமானால் மூக்கை விட்டுவிட்டுக் கண்ணால் தேடப் பழகிவிடும். பல் விழுந்து முளைக்கும் மாதங்களில் எதையும் கவ்விக்கொண்டு வரச் சொல்லப்போவதில்லை, ஈறு வலித்தால் அந்த வேலையே அதற்குக் கசந்துவிடும். எலிக் காய்ச்சல் ஊசி முடியும்வரை வயல் தண்ணீரில் காலே வைக்க விடமாட்டேன். பிறகு வளர்ப்புக் காடையை வைத்து, காலை எட்டு மணி வெயிலுக்கு முன்னால், தினம் பத்து நிமிஷம்.

"சுடாத ஆளுக்கு எதுக்கு அந்த நாய்?" என்று கேட்டீர்கள். என்னிடம் துப்பாக்கி இல்லை, உரிமம் கேட்டு அலையும் எண்ணமும் இல்லை. உள்ளான் சைபீரியா பக்கத்திலிருந்து இவ்வளவு தூரம் பறந்து வருகிறது, எழுந்து பறந்து போகட்டும். அது எழும்புவதற்கு முன்னால் இவள் நிற்கும் அந்த நிற்பைப் பார்த்தால் எனக்குப் போதும். ஆனாலும் சத்தம் பழக்கியே ஆக வேண்டும். புக்கிட் மெர்தாஜாமில் எங்கள் தெருவில் சீனப் பெருநாள் ஒன்பதாம் நாள் பிறக்கும் இரவு எப்படி வெடிக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா?

அந்தக் கோலாலம்பூர் ஆள் என்னைவிடத் திறமைசாலிதான். நான் தப்பு செய்வேன். செய்தால், அது என் தப்பு என்று அன்றைக்கே சொல்வேன்.

அக்டோபரில் பெனாகா வயலுக்கு அவளை முதல் தடவையாகக் கூட்டிப்போவேன். அப்போது அவளுக்கு நல்ல வயசு வந்திருக்கும், உங்கள் கண்ணும் தெளிந்திருக்கும். வண்டி அனுப்புகிறேன், வாருங்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து நாயை அவிழ்த்துவிட உங்களுக்குத்தான் தெரியும், எனக்கு அது இன்னும் பிடிபடவில்லை.

அடுப்படி ஆணியில் தொங்குகிற அந்த வாரை மட்டும் கொண்டுவராதீர்கள்.