ஊதப்பட்ட மூச்சு

அன்புள்ள நண்பா,

ஸ்தோத்திரம். உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. இடையில் இடது கண்ணில் புரை அறுவைச் சிகிச்சை; ஒரு வாரம் வாசிக்கவே விடவில்லை. நேற்றுதான் வேதாகமத்தைத் திறந்தேன். எழுத்துகள் கழுவி வைத்தாற்போல் தெரிகின்றன. உன் இளைய மகளுக்கு வரன் அமைந்ததில் இங்கே எல்லோருக்கும் மகிழ்ச்சி.

நீ கேட்டதற்கு வருகிறேன். ஆதித் திருச்சபையார் 'தேவஆவியினால் அருளப்பட்டது' என்றபோது, நம் கையிலிருக்கும் வேதாகமப் புத்தகங்களை மட்டும்தான் நினைத்தார்களா? இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

2 தீமோத்தேயு 3:16 இல் நாம் அப்படி வாசிப்பது கிரேக்கத்தில் ஒரே சொல்: தெயோப்நியூஸ்டோஸ். தேவன் ஊதியது என்று பொருள். ஆதாமின் நாசியிலே ஜீவசுவாசத்தை ஊதினாரே, அதுதான் ஒவ்வொரு முறையும் என் கண்முன் வருகிறது. பின்வந்தவர்கள் இந்தச் சொல்லைப் பூட்டி வைக்கவில்லை. 4ஆம் நூற்றாண்டில் நிஸ்ஸா ஊர்ப் பேராயர் கிரகோரி, படைப்பின் ஆறு நாட்களைப் பற்றித் தன் அண்ணன் பேசில் எழுதிய விளக்கத்தையே இதே சொல்லால் போற்றினார்.

அதற்கும் முன்னே, ஏறக்குறைய 96இல், ரோமாபுரிச் சபைத் தலைவர் கிளெமெந்து கொரிந்து சபைக்கு எழுதிய நிருபத்தைப் பார். சபையில் மூப்பர்களைத் தள்ளிவிட்டுச் சண்டை. 'பவுல் ஆவியில் உங்களுக்கு எழுதினாரே, அதை எடுத்துப் பாருங்கள்' என்கிறார். முடிவுக்கு வரும்போது, தாங்கள் எழுதுவதையும் பரிசுத்த ஆவியினால் எழுதியதாகவே சொல்கிறார். அந்த இடத்தில் வெகுநேரம் நின்றுவிட்டேன். அதில் அகந்தை தெரியவில்லை. ஆவியானவர் இன்னும் தங்கள் நடுவில் பேசுகிறார் என்று நம்பியவர்களின் இயல்பான பேச்சாகவே படுகிறது.

அப்படியானால் எல்லாம் ஒன்றுதானா என்று நீ கேட்பாய். அதுவும் இல்லை. ஹெர்மாஸ் தன் தரிசனங்களை எழுதிய 'மேய்ப்பன்' நூலை 2ஆம் நூற்றாண்டுப் பேராயர் ஐரேனியஸ் வேதவாக்கியம் என்றே மேற்கோள் காட்டினார். ஆனால் சபை ஏற்ற நூல்களைச் சொல்லும் பழைய முரட்டோரியன் பட்டியலோ, அதை வாசிக்கலாம், தீர்க்கதரிசிகளோடும் அப்போஸ்தலரோடும் சேர்த்துச் சபையில் வாசிக்கக் கூடாது என்கிறது. காரணம் என்ன தெரியுமா? அண்மைக் காலத்தில் எழுதப்பட்டது என்பதுதான்! ஆவி அதில் இல்லை என்று அது வாதாடவில்லை. 367இல் அலெக்சாந்திரியா பேராயர் அதனாசியஸ் புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்களைப் பெயர் சொல்லி வரையறுத்தபோதும், 'மேய்ப்பன்' நூலைப் புதிதாக விசுவாசத்துக்கு வருகிறவர்கள் வாசிக்க விட்டுவைத்தார். ஆக, அவர்கள் கையிலிருந்த சல்லடை வேறு: இது கர்த்தரைக் கண்டவர்களின் சாட்சியா, சபைகள் தொடக்கமுதல் வாசித்து வந்ததா?

அந்தச் சாட்சிக்கு அவர்கள் கொடுத்த கனமும் தனி. பேராயர் அகஸ்டின், வேதாகமத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோமுக்கு எழுதியதை நினைத்துப் பார்: நியமன நூல்களில், அதாவது சபை வேதாகமமாக ஏற்றவற்றில், ஏதாவது உண்மைக்கு முரணாகத் தோன்றினால், கைப்பிரதி பிழையாயிருக்கும், மொழிபெயர்த்தவர் தவறவிட்டிருப்பார், அல்லது எனக்கு விளங்கவில்லை என்றார். வேறு எவருடைய நூலுக்கும் அவர் இந்தச் சலுகையைத் தரவில்லை.

'அருளப்பட்டது' என்பதை வேலியாகவே இத்தனை நாளும் வாசித்தேன். இப்போது அந்த வசனத்தில் மூச்சின் சூடு தெரிகிறது.

கிளெமெந்துவின் 47ஆம், 63ஆம் அதிகாரங்களை அடுத்தடுத்து வாசித்துவிட்டு எழுது. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடுகிறேன். மீதியைத் திண்ணையில் பேசுவோம்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்