உங்கள் செயலியில் இருக்கும் அந்த மைனஸ் குறியை எடுங்கள்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: 'நெகட்டிவ் கலோரி' திட்டத்தில் காட்டப்படும் தவறான கணக்கும், அதனால் என் மகளுக்கு வந்த உடல்நலக் கேடும்

ஐயா / அம்மையீர்,

வணக்கம். எனக்கும் என் 19 வயது மகளுக்கும் சேர்த்து உங்கள் எடைக் குறைப்புத் திட்டத்துக்கு ஆறு மாதச் சந்தா கட்டியவள் நான். சில உணவுகளில் இருக்கும் கலோரியைவிட அவற்றைச் செரிக்க அதிகம் செலவாகும், அதனால் அவை 'நெகட்டிவ் கலோரி' என்று சொல்லி அவற்றுக்கு மைனஸ் எண் போடுகிறீர்கள். இப்போது நாலாவது மாதம் நடக்கிறது. அந்த எண் எப்படி வந்தது என்று உங்கள் சாட்டில் மூன்று முறை கேட்டேன். முதல் இரண்டு முறை "ஆய்வுகளின் அடிப்படையில் கணக்கிடப்பட்டது" என்று ஒரே வரி வந்தது. மூன்றாவது முறை வந்த பதிலைப் படித்த பிறகுதான் இதை எழுத்தில் அனுப்பியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

போன மாதம் ஒரு நாள் ராத்திரி பதினொரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். சமையலறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என் மகள் மேடையோரம் நின்று நறுக்கிய செலரி என்ற கீரைத் தண்டை மென்றுகொண்டிருந்தாள். போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்திருந்தாள். நார் பல்லிடுக்கில் மாட்டிக்கொண்டு, தாடை வலித்து, ஒரு கையால் கன்னத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டே மென்றாள். கண்ணில் தண்ணீர். ஏன் இந்த நேரத்தில் என்று கேட்டதற்கு, "இன்னும் ரெண்டு கிண்ணம்தாம்மா. முடிச்சிட்டா மதியச் சாப்பாடு கழிஞ்சிடும்" என்றாள்.

போனில் உங்கள் செயலி திறந்திருந்தது. "இன்றைய நிகரம்: 100" என்று ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தது. சாப்பிட்ட கலோரியில் மைனஸ் எண்களைக் கழித்தால் மிஞ்சுவதுதான் அந்த நிகரம். ஒரு கிண்ணம் செலரி, அதாவது 200 கிராம், மைனஸ் 50. ஒரு டம்ளர் ஐஸ் தண்ணீர் மைனஸ் 25. நிகரம் பூஜ்யம் ஆனால் தங்க நட்சத்திரம். அவள் கணக்கில் அப்படி 23 நட்சத்திரங்கள் இருக்கின்றன.

அதற்கு இரண்டு வாரம் கழித்து மாடிப்படியில் மயங்கி விழுந்தாள். தலை வாரினால் சீப்பு நிறைய முடி. மருத்துவர் என்னென்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். செயலியைக் காட்டினேன். அன்றைய சாப்பாடு 400 கலோரி, ஆறு கிண்ணம் செலரி, நாலு டம்ளர் ஐஸ் தண்ணீர். உங்கள் கணக்குப்படி அது பூஜ்யம். உண்மையில் ஏறக்குறைய 580 கலோரி. ஒரு நாளைக்கு 800 கலோரிக்குக் கீழே போகும் உணவு முறையை மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் யாரும் எடுக்கக் கூடாது. பித்தப்பைக் கல், தசை கரைவது, முடி கொட்டுவது எல்லாம் வரும் என்று அவர் சொன்னார். நீங்கள் அதற்கு நட்சத்திரம் கொடுத்திருக்கிறீர்கள்.

நான் இருபது வருடமாகக் கணக்கு எழுதுகிறவள். அதனால் உங்கள் எண்களை உட்கார்ந்து சரிபார்த்தேன். 200 கிராம் செலரியில் சுமார் 30 கலோரி இருக்கிறது, 95 சதவீதம் தண்ணீர். இதுவரை உங்கள் கணக்கும் சரி. ஆனால் அதைச் செரிக்க 80 கலோரி செலவாகிறது என்கிறீர்களே, அது எங்கிருந்து வந்தது? பொதுவாக, சாப்பிட்டதைச் செரித்து உள்ளே எடுத்துக்கொள்ள உடல் செலவழிப்பது அந்த உணவில் இருக்கும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குதான். புரதத்துக்கு மட்டும் 20 முதல் 30 சதவீதம் வரை போகும். செலரிக்கே அந்த 30 சதவீதத்தைத் தாராளமாகக் கொடுத்தாலும் 9 கலோரி. மெல்லுவதற்கு? 1999-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சூயிங்கம் மெல்லச் சொல்லி அளந்து பார்த்தார்கள். மணிக்குக் கூடுதலாக 11 கலோரிதான் செலவானது. இருபது நிமிடம் செலரி மென்றால் நாலு கலோரிகூட வராது. எல்லாம் கழித்தாலும் 17 கலோரி மிச்சம் நிற்கிறது. மைனஸ் எங்கே?

அதற்குத்தான் உங்கள் மூன்றாவது பதில் வந்தது. "சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் உடல் எரிக்கும் மொத்த ஆற்றலும் சேர்க்கப்பட்டுள்ளது." இதை எழுதியவருக்குத் தான் என்ன எழுதுகிறோம் என்று தெரிந்திருக்குமா என்றே எனக்குச் சந்தேகம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தாலே மணிக்கு 60 கலோரி போல செலவாகும். இதயம் துடிக்க, மூச்சு விட, உடம்பைச் சூடாக வைத்திருக்க ஆகும் செலவு அது. செலரி சாப்பிட்டாலும் ஆகும், சாப்பிடாவிட்டாலும் ஆகும். கட்டட வாடகையைக் கொண்டுபோய்த் தபால் செலவில் எழுதினால் எந்தத் தணிக்கையாளர் ஒப்புக்கொள்வார்? இந்த முறைப்படி பார்த்தால் ஒரு தேக்கரண்டி சர்க்கரைகூட நெகட்டிவ் கலோரிதான். உள்ளே போவது 16, அந்த ஒரு மணி நேரத்தில் எரிவது 60.

ஐஸ் தண்ணீர் கணக்கும் அப்படித்தான். ஒரு லிட்டர் தண்ணீரின் சூட்டை ஒரு டிகிரி ஏற்ற, உணவுப் பொட்டலங்களில் போடும் கலோரியில் ஒன்று தேவை. கால் லிட்டர் தண்ணீரை 4 டிகிரியிலிருந்து உடல் சூட்டுக்குக் கொண்டுவர எட்டு கலோரி போதும். நீங்கள் போட்டிருப்பது அதைப்போல மூன்று மடங்கு.

ஆய்வு, ஆய்வு என்று சொன்னீர்கள். ஒன்றின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. நானே தேடினேன். அமெரிக்காவில் அலபாமா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தாடி ஓணான்களுக்குச் செலரி மட்டும் கொடுத்து, செரிமானத்துக்கு எவ்வளவு செலவாகிறது, கழிவில் எவ்வளவு போகிறது என்று அளந்து 2019-இல் வெளியிட்டிருக்கிறார்கள். எல்லாம் போகச் செலரியின் ஆற்றலில் கிட்டத்தட்ட கால் பங்கு அந்த ஓணானுக்குக் கிடைத்திருக்கிறது. செரிக்க ஆகும் செலவும் கழிவில் போவதும் பெரிய பங்குதான், ஆனால் அங்கேயும் மைனஸ் வரவில்லை.

செலரி, வெள்ளரிக்காய், லெட்டூஸ் எல்லாம் நல்ல உணவு. தண்ணீரும் நாரும் வயிற்றை நிரப்பும், கலோரி குறைவு. மற்றதைக் குறைத்து இதைக் கூட்டினால் எடை குறையத்தான் செய்யும். 'குறைந்த கலோரி' என்று போட்டிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. ஆனால் நீங்கள் போட்டது மைனஸ். மைனஸ் என்றால் ஏற்கெனவே சாப்பிட்டதை அது அழித்துவிடும் என்றுதான் ஒரு பெண்பிள்ளை புரிந்துகொள்வாள். அதனால்தான் அவள் சாப்பிட்டதற்கெல்லாம் கடன் அடைப்பதுபோல ராத்திரி பதினொரு மணிக்கு நின்று மென்றாள்.

அப்புறம் இன்னொன்று, இது என்னைப் பற்றியது. எனக்குக் காலை உணவாகத் தினமும் ஆரஞ்சு வகையைச் சேர்ந்த கிரேப்ஃப்ரூட் பழத்தில் பாதி போட்டிருந்தீர்கள், மைனஸ் 20 என்று. சந்தா கட்டும்போது என்னென்ன மாத்திரை எடுக்கிறேன் என்று கேட்டீர்கள். கொழுப்புக்குச் சிம்வாஸ்டாட்டின் என்று எழுதிக் கொடுத்தேன். மருந்துக் கடைக்காரர்தான் பேச்சுவாக்கில் கேட்டுவிட்டுப் பதறினார். அந்தப் பழம் குடலில் மருந்தைச் சிதைக்கும் நொதியைத் தடுத்துவிடும், மருந்து ரத்தத்தில் ஏறும், தசைகள் பாதிக்கப்படலாம். கிரேப்ஃப்ரூட் சாறு சில மருந்துகளின் அளவை இப்படிக் கூட்டிவிடும் என்று கனடா ஆய்வாளர்கள் 1991-லேயே லான்செட் மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள். பதில் எழுத ஒரு பெட்டி வைத்துவிட்டு, எழுதியதை யாரும் படிக்காவிட்டால் அந்தக் கேள்வி எதற்கு?

நான் கேட்பது இவை. எல்லா உணவுகளிலிருந்தும் மைனஸ் எண்ணையும், பூஜ்ய நட்சத்திரத்தையும் எடுங்கள். இதுவரை அந்த எண்ணை நம்பிய சந்தாதாரர்கள் எல்லோருக்கும் கணக்கு தவறு என்று நேரடியாகச் செய்தி அனுப்புங்கள். செயலியின் மூலையில் ஒரு வரி போட்டால் போதாது. கிரேப்ஃப்ரூட் இருக்கும் இடத்திலெல்லாம் மருந்து எச்சரிக்கை வையுங்கள். எங்கள் இருவரின் சந்தாவையும் முழுதாகத் திருப்பித் தாருங்கள். 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். இல்லையென்றால் நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பிடம் போவேன். செயலியின் ஸ்கிரீன்ஷாட்களையும் மூன்று சாட் பதில்களையும் இணைத்திருக்கிறேன்.

பதில் அனுப்பும்போது என் மகளின் கணக்கை மட்டும் அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள். அந்த நாட்களில் அவள் என்ன சாப்பிட்டாள் என்ற முழுப் பதிவும் அவளுடைய மருத்துவருக்கு வேண்டும். அதை இந்த வாரமே அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் இருவர் திட்டச் சந்தாதாரர்