தவளைகளுக்குத் தேவை நிழல்

ஆசிரியருக்கு,

தவளை போன்ற, உலகின் நீர்நில வாழ்விகளில் ஏறத்தாழ 41 விழுக்காடு அழியும் ஆபத்தில் உள்ளன என்ற 2023ஆம் ஆண்டு மதிப்பீட்டை நினைவூட்டிய தங்கள் தலையங்கம், வெப்பத்தால் விளையும் கேட்டை இறப்புக் கணக்காக மட்டுமே பார்த்துவிட்டது. தவளை சாவதற்கு வெகு முன்பே அதன் செல்களுக்குள் சேதம் தொடங்கிவிடுகிறது. சூடு கூடும்போது மடிப்புக் குலைந்து, அதாவது தம் சரியான வடிவத்தை இழந்து, செயலிழக்கும் புரதங்களைச் சீர்செய்ய, வெப்ப அதிர்ச்சிப் புரதங்களைச் செல் அவசரமாக உற்பத்தி செய்கிறது. இந்தப் பழுதுபார்ப்புக்கு ஆகும் ஆற்றல், வளர்ச்சிக்கும் இனப்பெருக்கத்துக்கும் செல்ல வேண்டியதிலிருந்தே எடுக்கப்படுகிறது. வெப்பத்தால் செல்லின் ஆக்சிஜன் தேவை உயரும் அதே நேரத்தில், சூடான நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனோ குறைந்துவிடுவதால், தலைப்பிரட்டைகளுக்கு இது இரட்டை இடி.

சென்ற ஆண்டு கோடைமழைக்குப் பின் எங்கள் வீட்டுச் சிமெண்ட் தொட்டியில் தோன்றிய தலைப்பிரட்டைகள், நண்பகலில் நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கித் தவித்தன. ஒரு பாதியைத் தென்னங்கீற்றால் மூடியதும் எல்லாம் அந்த நிழலில் ஒதுங்கின. ஆனைமலைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களின் ஓடைக்கரை மரங்களை வெட்டாமல் காப்பதோடு, காற்றின் சராசரி வெப்பநிலையை மட்டும் நம்பியிராமல், ஓடை நீரின் நண்பகல் வெப்பநிலையையும் வனத்துறை தொடர்ந்து பதிவு செய்ய வேண்டும்.

- ஒரு வாசகர், பொள்ளாச்சி