ஒதுக்கி வைத்தால் வலிக்கத்தான் செய்யும்

ஆசிரியருக்கு வணக்கம்.

'நாலு பேர் பேசலைன்னா குடியா முழுகிடும், விட்டுத் தள்ளு' என்று பிள்ளைகளிடம் சொல்வதை நம் வீடுகளில் நிறுத்தினால் நன்றாக இருக்கும். நான் மும்பை செம்பூரில் இருக்கிறேன். எங்கள் சொசைட்டியில் ஒன்பதாவது படிக்கும் பையன் ஒருவனை, கூட விளையாடுகிற பசங்க வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள், கீழே கிரிக்கெட்டுக்கும் கூப்பிடுவதில்லை, ஏன் என்று அவனுக்கே தெரியாது. அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவன் அப்பாவோ, 'கால் உடைஞ்சா அழு, இதுக்கெல்லாமா அழுவாங்க' என்கிறார்.

அவருக்கு ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். 2003-ல் நவோமி ஐசன்பெர்கர் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவும் ஒரு சோதனை செய்தார்கள். ஒருவரை ஸ்கேன் மெஷினில் படுக்கவைத்து, வேறு இரண்டு பேரோடு கம்ப்யூட்டரில் பந்து போட்டு விளையாடச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த இரண்டு பேரும் இவருக்குப் பந்தே தராமல் தங்களுக்குள் போட்டுக்கொண்டார்கள். உண்மையில் எதிரில் ஆளே கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டரின் வேலை. அதற்கே, உடம்பில் அடிபட்டால் வேலை செய்கிற மூளைப் பகுதி ஒன்று இங்கேயும் வேலை செய்தது. இரண்டு வலியும் மூளையில் ஒன்றேதானா என்று விஞ்ஞானிகள் இன்னும் விவாதிக்கிறார்கள், சரி. ஆனால் முகம் தெரியாதவர்கள் பந்து தராததே இப்படித் தைக்கிறது என்றால், தினமும் லிஃப்டில் பார்க்கிற சிநேகிதர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் எப்படி இருக்கும்?

நம் முன்னோருக்கு இது தெரியும். பஞ்சாயத்தில் அடி உதையை விடப் பெரிய தண்டனையாக, அன்னந்தண்ணி புழங்காமல் ஒதுக்கி வைப்பதைத்தானே வைத்திருந்தார்கள்! அப்படிச் சமூகத்திலிருந்து விலக்கி வைப்பதைத் தடுக்க மகாராஷ்டிராவிலேயே 2016-ல் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள், 3 வருடம் வரை ஜெயில், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். பசங்க சண்டைக்குச் சட்டத்தை இழுக்கவில்லை. பெரியவர்களையே முடக்கிப் போடுகிற ஒன்றை பதினாலு வயதுப் பையன் துடைத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது என்ன நியாயம்? அதிலும், அழக்கூடாது என்று வீட்டிலும் வாயை அடைத்தால் அவன் எங்கேதான் போவான்?

அப்புறம் இன்னொன்று. அவனை ஒதுக்கிய பசங்களில் இரண்டு பேர் தமிழ் வீட்டுப் பிள்ளைகள், அந்த வீடுகளில் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள். அவனை ஏன் சேர்த்துக்கொள்வதில்லை என்று இன்று ராத்திரி சாப்பிடும்போது உங்கள் பையனிடம் கொஞ்சம் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செம்பூர், மும்பை