‘பிறவி மேதை’ என்று எழுதுவதற்கு முன்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் மேதைகளைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆசையாக. இரண்டாம் முறை, அந்த ஒரு வரி நிஜமாகவே அப்படித்தான் அச்சாகியிருக்கிறதா என்று பார்ப்பதற்காக. “மேதைமை கருவிலேயே முடிவாகிவிடுகிறது, மற்றவர்கள் உழைத்தால் கெட்டிக்காரர்கள் ஆகலாம், அவ்வளவுதான்.” இருபத்தொன்பது வருடம் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். இதைப் படித்துவிட்டு எந்தப் பிள்ளையாவது நோட்டை மூடி வைத்திருக்குமோ என்றுதான் முதலில் பதறியது.

கட்டுரையாளர் ராமானுஜனைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார். அவருடைய வாழ்க்கை உங்களுக்குத் தெரியாததா? சிறு வயதில் வீட்டில் குடியிருந்த கல்லூரி மாணவர்களைக் கேள்வி கேட்டுத் துளைத்தெடுத்தவர். பதினாறு வயது வாக்கில் அவர் கைக்கு வந்த கார் என்பவரின் கணிதத் தொகுப்பில் சுமார் 5,000 முடிவுகள் இருந்தன, பெரும்பாலானவற்றுக்குச் சரியான நிரூபணம் கிடையாது. அவற்றைத் தானே போட்டுப் போட்டுப் பார்த்தார். காகிதம் வாங்க வசதியில்லாமல் சிலேட்டில் எழுதி, துணி தேடக்கூடப் பொறுமையில்லாமல் முழங்கையால் அழித்தார். மேதை என்று சொன்ன நண்பரிடம், “என் முழங்கையைப் பார், அது சொல்லும் கதையை” என்று காட்டினாராம். 1913-இல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் போவதற்கு முன்னால் இப்படிக் கழிந்தது ஏறக்குறைய பத்து வருடம். உங்கள் கட்டுரையில் அந்தப் பத்து வருடம் எங்கே போயிற்று? “எண்களோடு பேசப் பிறந்தவர்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே!

பிறப்பிலேயே வித்தியாசம் இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை. ஹங்கேரியின் லாஸ்லோ போல்கர், மேதைகளை உருவாக்க முடியும் என்று பிள்ளைகள் பிறப்பதற்கு முன்பே சொல்லி, மூன்று பெண்களையும் வீட்டிலேயே வைத்துச் சதுரங்கம் பழக்கினார். இளையவள் ஜூடிட் 1991-இல் பதினைந்து வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அதுவரை அவ்வளவு சிறிய வயதில் யாரும் அந்தப் பட்டம் வாங்கியதில்லை. மூத்தவர் சூசனும் கிராண்ட்மாஸ்டர். நடுவில் பிறந்த சோபியாவும் நல்ல ஆட்டக்காரர்தான், ஆனால் அந்தப் பட்டத்தை எட்டவில்லை. ஒரே வீடு, ஒரே அப்பா, ஒரே பயிற்சி. பிறகும் உயரம் வேறு வேறு. சரி, அந்த வித்தியாசத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பலகையே கண்ணில் படாமல் வளர்ந்திருந்தால் மூன்று பேரில் யார் எங்கே நின்றிருப்பார்கள் என்று கட்டுரையாளரால் சொல்ல முடியுமா?

இன்னொன்றும் கேட்கவேண்டும். போன வருடம் இதே பத்திரிகைதான், 10,000 மணி நேரம் பயிற்சி செய்தால் யாரும் மேதையாகலாம் என்று அட்டையில் போட்டது. அந்தக் கணக்குக்கு மூலமான, வயலின் மாணவர்களைப் பற்றி 1993-இல் வெளிவந்த ஆய்வில் 10,000 என்பது சிறந்த மாணவர்கள் இருபது வயதுக்குள் செய்திருந்த பயிற்சியின் சராசரி மட்டுமே. அந்த மணிக்கணக்கு யாருக்கும் உத்தரவாதம் தரவில்லை. அப்போது உழைப்பே எல்லாம், இப்போது கருவே எல்லாம். வாசகர்கள் இரண்டையும் நம்பிப் பிள்ளைகளை வளர்க்க வேண்டுமா?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பையனிடம், “உனக்குக் கணக்கு வராதுப்பா, விட்டுடு” என்று சொல்லிவிட்டேன். திட்டக்கூட இல்லை, அன்பாகத்தான் சொன்னேன். அதற்கப்புறம் அந்த வருடம் முழுக்க அவன் என் வகுப்பில் கை தூக்கவே இல்லை. அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

சில வருடம் கழித்து எட்டாம் வகுப்பில் ஒரு பெண். தேர்வில் எப்போதும் கடைசி நாலைந்து பேரில் ஒருத்தி. அம்மாவே வந்து, “எங்க வம்சத்துக்கே கணக்கு வராது டீச்சர்” என்று சொல்லிவிட்டுப் போனார். ஒருநாள் நோட்டுத் திருத்தும்போது அவளுடைய நோட்டின் கடைசிப் பக்கம் தற்செயலாகத் திரும்பியது. பக்கம் முழுக்கப் பென்சில் புள்ளிகள். முதலில் ஒரு புள்ளி. அதைச் சுற்றி இரண்டு பக்கமும் அணைத்தாற்போல மூன்று புள்ளி, சதுரம். அப்புறம் ஐந்து, அதைவிடப் பெரிய சதுரம். பிறகு ஏழு. ஒற்றைப்படை எண்களை வரிசையாகக் கூட்டினால் வர்க்க எண் வரும் என்பதை யாரும் சொல்லித்தராமல் தானாகவே கண்டுபிடித்திருந்தாள். கூப்பிட்டுக் கேட்டேன். உள்ளங்கையால் பக்கத்தை மூடிக்கொண்டு, “தப்பா டீச்சர்?” என்றாள்.

அடுத்த இரண்டு வருடம் பள்ளி முடிந்து தினமும் அரை மணி நேரம் என்னோடு உட்கார்ந்தாள். அவள் மேதை ஆகவில்லை. கணிதத்தில் பட்டம் வாங்கினாள். கடைசிப் பக்கத்தை யாரும் திருப்பாமலே போயிருந்தால் அவளையும் உங்கள் கட்டுரையாளர் “கருவிலேயே முடிவான” கணக்கில்தானே சேர்த்திருப்பார்?

முன்கூட்டியே மேதைகளைப் பொறுக்கியெடுக்க முயன்றவர்கள் இல்லாமல் இல்லை. 1921-இல் டெர்மன் என்ற உளவியலாளர் அமெரிக்காவில் நுண்ணறிவுத் தேர்வு வைத்து 1,500-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார். அந்தத் தேர்வில் போதாது என்று ஒதுக்கப்பட்ட ஷாக்லியும் அல்வாரெஸும் பிற்பாடு இயற்பியலில் நோபல் பரிசு வாங்கினார்கள். தேர்ந்தெடுத்தவர்களில் ஒருவருக்கும் அது கிடைக்கவில்லை.

மோசார்ட்டைப் பற்றி ஒரு பத்தி எழுதியவர், அவருடைய அக்கா நானெர்லை ஒரு சொல்லில்கூட நினைக்கவில்லை. ஒரே தகப்பனிடம் கற்று, தம்பியோடு ஊர் ஊராகப் போய் வாசித்துப் புகழ் வாங்கியவள். பதினெட்டு வயதானதும் அப்பா அவளை வீட்டில் விட்டுவிட்டுத் தம்பியை மட்டும் கூட்டிக்கொண்டு போனார். அவள் எழுதிய இசையைத் தம்பியே கடிதத்தில் மெச்சியிருக்கிறார், ஆனால் அதில் ஒன்றுகூட இன்று மிஞ்சவில்லை. இதையும் கருவில் எழுதியிருந்தது என்பதா?

ஐன்ஸ்டைன் கணக்கில் தோற்றவர் என்று நீங்கள் எழுதியபோதும் கடிதம் போட்டேன். பதினைந்து வயதுக்கு முன்பே நுண்கணிதம் கற்றுத் தேர்ந்தவர் அவர். என் கடிதத்தில் உங்களைப் பாராட்டிய நாலு வரி வந்தது. திருத்தம் வரவில்லை.

என் வேண்டுகோள் சின்னதுதான். சிறுவர் பக்கத்தில் மாதாமாதம் “பிறவி மேதை” என்று ஒரு பிள்ளையின் படம் போடுகிறீர்கள். அந்தத் தலைப்பை எடுத்துவிடுங்கள். படத்துக்குக் கீழே, எத்தனை வருடமாகக் கற்கிறது, கற்றுக்கொடுத்தவர் யார் என்று இரண்டு வரி சேருங்கள். இடம் போதாமல் இந்தக் கடிதத்தையும் வெட்ட வேண்டி வந்தால், எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள். அந்தப் பெண்ணின் புள்ளிகளை மட்டும் விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருத்தி