ஈஸ்ட்டைத் திட்டாதே, சேகர்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து எத்தனை நாள் ஆயிற்று என்று நீ கணக்கு வைத்திருப்பாய், நான் அந்தப் பேச்சுக்கே வரவில்லை. இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு வேலை கிடைத்துவிட்டது, என் முட்டி வலி அப்படியே இருக்கிறது, பாலு இன்னும் அந்தப் பணத்தைத் தரவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நீ அனுப்பிய பிரெட் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதை வைத்துச் சுவர் எழுப்பலாம், அதை விடு. ஆனால் அதற்காக ஈஸ்ட்டைப் போட்டு இப்படித் திட்டியிருக்கிறாயே, அதுதான் அநியாயம். "செத்துப்போன சரக்கைத் தலையில் கட்டிவிட்டான்" என்கிறாய். ஈஸ்ட் செத்திருந்தால் மாவு கிண்ணத்திலேயே அசையாமல் கிடந்திருக்கும். உன் மாவோ அச்சின் விளிம்பைத் தாண்டி எழும்பியது, ஓவனுக்குள் போன பிறகுதான் நடுவில் குழிந்து உட்கார்ந்தது, சுடும்போது லேசாகச் சாராய வாடை அடித்தது. எல்லாம் நீயே எழுதியதுதான். இதெல்லாம் ஈஸ்ட் அளவுக்கு மீறி வேலை செய்ததன் அடையாளம்டா! அதற்கு மருந்தாக நீ அடுத்த தடவை ஈஸ்ட்டை இரண்டு மடங்காக்கியிருக்கிறாய். மூர்த்தி சார் இருந்திருந்தால் பர்னரை அணைத்துவிட்டு லேபை விட்டே போயிருப்பார்.

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று கார்பன் டை ஆக்சைடும் ஆல்கஹாலும் விடும், அது உனக்கே தெரியும். எனக்கு இந்த வயதில் புதிதாகத் தெரியவந்தது வேறு. ஈஸ்ட் புதிதாக ஒரு குமிழைக்கூட உண்டாக்குவதில்லையாம். நாம் பிசையும்போது மாவுக்குள் காற்று மாட்டிக்கொள்கிறது பார், அதுதான் பொடிப்பொடிக் குமிழாக நிற்கிறது. ஈஸ்ட் விடும் வாயு முதலில் மாவிலுள்ள தண்ணீரில் கரைந்து, பிறகு அந்தக் குமிழ்களுக்குள் புகுந்து அவற்றை ஊதிப் பெரிதாக்குகிறது, அவ்வளவுதான். குமிழைப் போடுவது நம் கை. இதைப் படித்த நாளிலிருந்து நான் பிசைவதில் கஞ்சத்தனம் காட்டுவதில்லை. நெல்லிக்காய் அளவு மாவைக் கிள்ளி, இரண்டு கை விரல்களாலும் மெல்ல இழுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார். கிழியாமல், பின்னாலிருக்கும் விரல் நிழலாகத் தெரிகிற அளவுக்கு ஜவ்வாக விரிந்தால் குளூட்டன், அதாவது மாவுக்கு இழுவை தரும் புரத வலை, தயார். அதற்குமுன் பிய்ந்து போனால் இன்னும் கொஞ்சம் பிசைய வேண்டும்.

உன் பிரெட் கவிழ்ந்தது இங்கேதான். ஓவனுக்குள் போன முதல் பத்து நிமிடம்போல மாவு இன்னும் ஒரு தடவை எழும்பும். சூட்டில் வாயு விரிகிறது, தண்ணீர் ஆவியாகிறது, ஈஸ்ட்டும் 60 டிகிரியை நெருங்கிச் சாகும்வரை வெறிகொண்டு வேலை செய்கிறது. இதையெல்லாம் தாங்கக் குமிழின் சுவரில் இன்னும் இழுபடத் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும். நீ வெளியிலேயே கடைசிச் சொட்டுவரை இழுத்துவிட்டாய், உள்ளே போனதும் சுவர் கிழிந்து வாயு வெளியேறிவிட்டது.

கடிகாரத்தை நம்பாதே. "ஒரு மணி நேரம் ஊறட்டும்" என்று குறிப்பில் போட்டிருப்பது எழுதினவர் சமையலறையின் சூட்டுக்கு. 31 டிகிரி அறையில் அதே மாவு பாதி நேரத்தில் உப்பிவிடும். முதல் முறை உப்ப வைக்கும்போது மாவை நேரான பாத்திரத்தில் போட்டு, மாவு நிற்கும் உயரத்தில் ஒரு ரப்பர் பாண்டை மாட்டு. இரண்டு மடங்கானால் போதும். அச்சில் போட்ட பிறகு விரலில் மாவு தொட்டு, அரை அங்குலம் அழுத்து. குழி சட்டென்று நிமிர்ந்தால் பொறு. மெதுவாக, பாதி மட்டும் நிமிர்ந்தால் உடனே ஓவனில் வை. நிமிரவே இல்லையென்றால் தாண்டிப் போய்விட்டது, ஆனால் தூக்கிப் போடாதே, காற்றை அமுக்கி எடுத்துத் திரும்ப உருட்டி வைத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

அப்புறம் தண்ணீர். வெதுவெதுப்பாக ஊற்றச் சொல்வது குளிர்ந்த அறைக்கு. பிசைந்து முடித்த மாவு 25 டிகிரி இருக்க வேண்டுமென்றால், 25ஐ மூன்றால் பெருக்கி அதிலிருந்து அறையின் சூட்டையும் பிசையாத உலர்ந்த மாவின் சூட்டையும் கழி. இரண்டும் 31 என்றால் தண்ணீர் 13 டிகிரி, அதாவது ஃப்ரிட்ஜ் தண்ணீர்! மிஷினில் பிசைந்தால் உராய்வுச் சூடு வேறு சேரும், இன்னும் குறை. 500 கிராம் மாவுக்கு 10 கிராம் உப்பு, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5 கிராம், வெயில் நாளில் 3 கிராமே தாராளம். கரண்டிக் கணக்கெல்லாம் வேண்டாம், தராசு வாங்கு.

இன்னொன்று. கீதா போன் செய்தாள். நீ ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து மாவு பிசைகிறாயாம், மூடி வைத்துவிட்டு நாற்காலியிலேயே கண்ணயர்ந்து, விடிந்த பிறகுதான் ஓவனைப் போடுகிறாயாம். மாவு ஏன் அளவு தாண்டுகிறது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது, ஆனால் சந்தோஷப்பட முடியவில்லை. எத்தனை மாதமாகத் தூக்கம் இல்லை சேகர்? என்னிடம் ஏன் சொல்லவில்லை? ஈஸ்ட்டைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுகிறாய், உன்னைப் பற்றி ஒரு வரி கிடையாது. இந்த வாரமே டாக்டரைப் பார். கூட ஆள் வேண்டுமென்றால் நான் பஸ் ஏறி வருகிறேன், முட்டியைக் காரணம் காட்ட மாட்டேன்.

அதுவரை ராத்திரி பிசையாதே. சாயங்காலமே பிசைந்து, மூடி, ஃப்ரிட்ஜில் வைத்துவிடு. 4 டிகிரியில் ஈஸ்ட் சாகாது, சோம்பலாக வேலை பார்க்கும், ருசியும் கூடும். காலையில் எடுத்து உருட்டி அச்சில் போட்டு, விரல் வைத்துப் பார்த்துச் சுடு. போட்டோவில் முழு பிரெட்டைக் காட்டாதே, குறுக்கே வெட்டிக் காட்டு. உள்ளே துளை எப்படி இருக்கிறது என்று தெரிந்தால்தான் மேற்கொண்டு சொல்ல முடியும். டாக்டர் என்ன சொன்னார் என்பதையும் அதோடு எழுது.

அன்புடன்,
ரகு