இடுப்பளவுத் தண்ணீரில் இரண்டு பேர்

சான் செபாஸ்டியன், ஸ்பெயின்,
ஜூலை 15

என் அருமை வாயாடிக்கு,

திட்டப் போகிறாய் என்று தெரியும். முதலில் திட்டி முடி, அப்புறம் படி. நான் விமானம் ஏறிய மறுநாள் உனக்கு முழங்கால் ஆபரேஷன். 'நல்லபடியா முடிஞ்சது' என்று உன் மகள் அனுப்பிய செய்திக்கு ஒரு கும்பிடு பொம்மையைப் போட்டதோடு சரி. ஐந்து வாரமாகிவிட்டது. சாக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நாள் ஆக ஆக வெட்கம் கூடியது, வெட்கம் கூடக் கூட எழுதுவது தள்ளிப்போனது. மன்னித்துவிடு. கால் எப்படி இருக்கிறது? படி ஏறுகிறாயா? பிசியோதெரபிக்காரர் சொல்வதைக் கேட்கிறாயா, இல்லை அவருக்கே பாடம் நடத்துகிறாயா?

என் பாடு நலம். வேலை வேலைபோலத்தான் இருக்கிறது. வீட்டில் அவர் தினமும் போனில் எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார். அதெல்லாம் போகட்டும். நான் எழுத உட்கார்ந்தது கடலைப் பற்றி.

இந்த ஊரின் நடுவிலேயே கடல். லா கொன்ச்சா என்று பெயர், சிப்பி என்று பொருள். ஊர் வளைந்து கடலைக் கைக்குள் வைத்திருக்கிறது. வாசலில் சாந்தா கிளாரா என்று ஒரு குட்டித் தீவு, வெளியே இருந்து வரும் பெரிய அலைகளை அது வாங்கிக்கொள்கிறது. அதனால் உள்ளே தண்ணீர் சாது. அலை வேண்டும் என்பவர்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் சுரியோலா கடற்கரைக்குப் பலகையோடு போகிறார்கள். எனக்கு இந்தச் சாதுவான பக்கம் போதும். ஆனால் ஏற்றமும் வற்றமும் இருக்கிறதே, அப்பா! பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர்மட்டம் நான்கு மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. காலையில் பந்து விளையாடிய இடம் மதியம் கடலுக்குள். மறுநாள் அதே ஏற்றம் ஐம்பது நிமிடம் போலத் தள்ளி வருகிறது. ஊரில் எல்லோரும் ஏற்ற வற்ற அட்டவணையைப் பார்த்துத்தான் நாளைத் திட்டமிடுகிறார்கள். நானும் இப்போது அப்படித்தான்.

முதல் வாரம் முழுக்கக் கரையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். கணுக்கால் நனைந்ததும் பின்வாங்கினேன். யோசித்துப் பார், நாம் எத்தனை தடவை கடலுக்குப் போயிருக்கிறோம்! கல்லூரிச் சுற்றுலாவில் போனோம், பச்சைக் குடை விவகாரத்தன்று போனோம், பிறகு பிள்ளைகளோடு போனோம். ஒரு முறையாவது முழங்காலுக்கு மேல் நனைந்திருக்கிறோமா? எல்லோருடைய பையும் துண்டும் நம் கையில். நனைந்த புடவையோடு எப்படி வீட்டுக்குப் போவது என்ற கவலை வேறு. 46 வயதில் இதை நினைத்து எனக்குத் தொண்டை அடைத்தது.

இங்கே வற்ற நேரத்தில் கிழவிகள் ஜோடி ஜோடியாகத் தண்ணீருக்குள் நடக்கிறார்கள். நீச்சல் இல்லை, நடைதான். கரையை ஒட்டி முழங்கால் அளவில், சிலர் இடுப்பளவில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போய்த் திரும்புகிறார்கள். கொன்ச்சா மட்டும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். நீர் நன்றாக வற்றினால் பாறைமுனையைச் சுற்றி அடுத்த கடற்கரையான ஒண்டாரெட்டாவுக்கே நடந்து போய்விடலாம். தலையில் தொப்பி, காதில் தோடு, வாய் ஓயாத பேச்சு. அதிலே இரண்டு பேரைத் தினமும் பார்ப்பேன், எழுபதைத் தாண்டியவர்கள். ஒருத்தி பேசுவாள், மற்றவள் நின்று இடுப்பில் கைவைத்து மறுத்துப் பேசுவாள், மறுபடி நடப்பார்கள். உன்னையும் என்னையும் பார்ப்பது போலவே இருந்தது.

பத்தாவது நாள் அவர்களே கையசைத்துக் கூப்பிட்டார்கள். அவர்களுக்குள் பாஸ்க் மொழி, என்னிடம் ஸ்பானிஷ். எனக்கு வரும் நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு பேசினோம். மிதக்கக் கற்றுக்கொடுத்தவள் அந்த மறுத்துப் பேசுகிறவள். நான் கழுத்தை விறைத்துத் தலையைத் தூக்கிக்கொண்டே இருந்தேன். அவள் என் இரண்டு காதையும் தொட்டுக் காட்டி, தண்ணீருக்குள் விடு என்று சைகை செய்தாள். காது உள்ளே போனதும் கரையின் இரைச்சல் பட்டென்று அறுந்தது. என் மூச்சு மட்டும் கேட்டது, அதற்கு அடியில் எங்கோ மணல் உராயும் சத்தம். கால் தானாக மேலே வந்தது. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேன் தெரியாது.

அவர்கள் சொல்லித்தான் தெரியும், மரியா கிறிஸ்டினா என்ற ராணி 1887-லிருந்து கோடைக்கு இங்கே வருவாராம். அவர் கடலில் குளிக்க, தண்டவாளத்தில் நகரும் ஒரு அறையே வைத்திருந்தார்கள். ராணியை உள்ளே வைத்து அப்படியே தண்ணீர்வரை கொண்டுபோவார்களாம். ராணிக்கே அவ்வளவு மறைப்பு வேண்டியிருந்த இடத்தில் நான் வெட்டவெளியில் மல்லாந்து கிடந்தேன் என்று நினைக்க எவ்வளவு சந்தோஷம்!

குளித்த பசி தனிப் பசி. ஆனால் இந்த ஊர்ச் சாப்பாட்டு நேரம் என்னைப் படுத்துகிறது. மதியம் நாலு மணிக்கு மேல் அடுப்பை அணைத்தால் இரவு எட்டுக்குத்தான் பற்றவைக்கிறார்கள். பத்து மணிவரை வெளிச்சம் இருப்பதால் யாருக்கும் அவசரமில்லை. என்னைக் காப்பாற்றுவது பார்கள்தான். முகத்தைச் சுளிக்காதே, குடும்பம் குடும்பமாக வருகிற இடம் இது. மேடை முழுக்கத் தட்டுகள், தட்டு முழுக்கப் பின்ச்சோக்கள், அதாவது இரண்டு வாயில் முடிகிற சின்னச் சின்னப் பண்டங்கள். நானாக எடுத்து நின்றபடி சாப்பிட வேண்டும். கடைசியில் என்னென்ன சாப்பிட்டேன் என்று நான் சொல்வதுதான் கணக்கு. கூட்டத்தில் யார் பார்த்தார்கள்? யாரும் பார்க்கவில்லை. சொன்னதை நம்பிக் காசு வாங்குகிறார்கள். முதல் நாள் நான் ஒவ்வொன்றாக விரல்விட்டு எண்ணிச் சொன்னபோது நம் கணக்கு டீச்சர் நினைவு வந்தது.

எனக்குப் பிடித்தது ஹில்டா. ஒரு பல்குச்சியில் ஆலிவ், வினிகரில் ஊறிய மெல்லிய பச்சை மிளகாய், உப்பில் பதப்படுத்திய நெத்திலி. மூன்றையும் ஒரே வாயில் போட வேண்டும். கூடவே சாக்கொலி என்கிற புளிப்பு வெள்ளை ஒயின். பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கி, அகலமான கிளாஸில் நூலாக ஊற்றுகிறார்கள், லேசாக நுரை பொங்கும். ஆமாம், குடித்தேன், ஒரு கிளாஸ். வார்டனுக்குச் சொல்லிவிடாதே.

தலை ஈரமாக, தோளில் துண்டோடு, தனியாக ஒரு பெண் மேடையில் சாய்ந்து நின்று சாப்பிடுகிறாள், ஒருவர்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. தனியாக உள்ளே போகக் கூசி எத்தனை நாள் பசியோடு வீடு திரும்பியிருக்கிறோம்! அதை நான் இங்கேதான் மறந்தேன்.

நான் வழக்கமாகப் போகும் தெருவுக்கு 'ஆகஸ்ட் 31' என்று பெயர். ஒரு மாதம் அங்கே நெத்திலி தின்ற பிறகுதான் காரணம் கேட்டேன். 1813-ல் அதே தேதியில் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஊரைப் பிடித்த ஆங்கிலேய, போர்த்துகீசியப் படைகள் சூறையாடித் தீ வைத்ததில் ஊரே எரிந்துபோனது. மிஞ்சிய சில வீடுகள் இந்தத் தெருவில்தான். ஒவ்வொரு வருடமும் அன்று இரவு பால்கனிகளில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்களாம்.

அதைப் பார்க்க நீ வர வேண்டும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எனக்கு 90 நாள் விசா, செப்டம்பர் முதல் வாரம் கிளம்பிவிடுவேன். ஆகஸ்ட் கடைசி வாரம் வந்தால் இருவரும் சேர்ந்தே திரும்பலாம். தண்ணீருக்குள் நடப்பது முழங்காலுக்கு நல்லது என்று அந்த இரண்டு பேரும் அடித்துச் சொல்கிறார்கள், இருவருக்குமே மூட்டுவலி. நீ உன் டாக்டரிடம் விமானப் பயணத்தையும் தண்ணீரையும் கேள். சரி என்றால் அன்றைக்கே விசாவுக்கு நேரம் வாங்கு, விண்ணப்பம் கொடுத்த பிறகு 15 நாளாவது ஆகும். பில்பாவ் வரை விமானம், அங்கிருந்து ஒன்றேகால் மணி நேர பஸ். பஸ் நிலையத்தில் நான் நிற்பேன்.

நீச்சல் உடை பற்றி இப்போதே புலம்ப ஆரம்பித்திருப்பாய். முழுக்கை வைத்து, முழங்கால்வரை வருவது கிடைக்கிறது. கருநீலத்தில் உனக்கும் ஒன்று எடுத்துவிட்டேன். உன் அளவு பழைய நினைவில் வாங்கியது. சரியான அளவைச் சொல், சனிக்கிழமைக்குள் கொண்டுபோனால் கடைக்காரி மாற்றித் தருகிறேன் என்றாள்.

உன்,
ரூம் நம்பர் 12